மரம் கேட்கும் நேரம்

பணி ஓய்வு பெறுவோருக்குக் கைக்கடிகாரம் பரிசளிக்கும் வழக்கம் நம்மிடையே நெடுநாளாக இருந்து வருகிறது. நேரம் பார்த்து ஓட வேண்டிய தேவை முடிந்த நாளில்தான் அது கைக்கு வருகிறது என்பதை எவரும் பெரிதாக எண்ணுவதில்லை. மறுநாள் காலை புறப்பட்டுச் செல்ல ஓர் இடமின்றித் திண்ணையில் அமர்ந்துவிட்ட பெரியவர்கள் பலரைப் பங்குப் பணியில் நாம் சந்தித்திருக்கிறோம். “இனி நான் யாருக்குப் பயன்படுவேன், சாமி?” என்று அவர்கள் கேட்கும்போது, உடனே சொல்லிவிடக்கூடிய மறுமொழி நம்மிடம் இருப்பதில்லை. ஆயினும் அக்கேள்வியோடு தச்சுப் பட்டறைக்குள் நுழைந்த சிலருடைய வாழ்க்கை நமக்கு ஓரளவு வெளிச்சம் தருகிறது.

அவர்களுள் உலகறிந்தவர் ஜிம்மி கார்ட்டர். 1980 நவம்பரில் நடந்த தேர்தலில் தோற்று, 1981 சனவரி 20 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பதவியை விட்டு இறங்கியபோது அவருக்கு வயது 56. அது விரும்பாமல் வந்த ஓய்வு. விடைபெறும் வேளையில், உடன் பணியாற்றியவர்கள் சேர்ந்து அவருக்குப் பரிசாக அளித்தவை தச்சுக் கருவிகள். ஜார்ஜியா மாநிலத்தில் பிளெய்ன்ஸ் என்னும் சிற்றூரிலுள்ள தம் வீட்டில், கார் நிறுத்தும் கொட்டகையை அவர் பட்டறையாக்கிக்கொண்டார். சிறுவயதில் பண்ணையிலும், பின்னர் கடற்படையிலும் பழகியிருந்த கைத்தொழில் மீண்டும் தளிர்த்தது. கட்டில், மேசை, நாற்காலி என நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களைச் செய்தார். தாம் வழிபட்டுவந்த பாப்டிஸ்ட் ஆலயத்திற்குக் காணிக்கைத் தட்டுகளையும் மரத்தில் கடைந்து தந்தார். அவர் செய்த சில பொருள்கள் ஏலத்தில் விற்கப்பட்டு, 1982இல் அவரும் துணைவியாரும் நிறுவிய கார்ட்டர் மையத்தின் பணிகளுக்கு உதவின. நரம்புச் சிலந்தி நோயை உலகிலிருந்து ஒழிக்கும் முயற்சி அப்பணிகளுள் ஒன்று. 2024 டிசம்பர் 29 அன்று, தமது 100ஆம் வயதில் அவர் மறைந்தார்.

அவர் செய்தவற்றுள் நம் சிந்தனையைப் பெரிதும் ஈர்ப்பவை, ஹிக்கரி என்னும் மரத்தின் பச்சைக் கட்டையிலிருந்து கைக்கருவிகளால் உருவாக்கிய நாற்காலிகள். இம்முறையில் ஒரு நுட்பம் உண்டு. காலாக நிற்கும் கட்டையில் ஈரம் இருக்கும். குறுக்கே செருகும் சட்டத்தின் முனையோ நன்கு உலர்ந்திருக்கும். இரண்டையும் பொருத்தி வைத்துவிட்டால், நாளாக ஆகக் கால் உலர்ந்து சுருங்கும். சட்டத்தின் முனை காலின் ஈரத்தை வாங்கிச் சற்றே பருக்கும். ஆணியில்லாமலே இரண்டும் இறுகப் பற்றிக்கொள்ளும். தச்சர் கையை எடுத்த பிறகும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. மூட்டை இறுக்குவது காலம். அவசரக்காரர் எவராலும் அந்த இறுக்கத்தை ஒரே நாளில் வரவழைக்க முடியாது.

இந்தப் பொறுமையைக் காண நாம் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. நம் பங்கில் ஒரு பெரியவர் இருக்கிறார். அரசு அலுவலகம் ஒன்றில் 34 ஆண்டுகள் கணக்கு எழுதியவர். ஓய்வு பெற்றபின், அடுத்த தெரு ஆசாரியிடம் முறைப்படி தட்சிணை வைத்துத் தொழில் கற்றுக்கொண்டார். முதல் மூன்று வாரங்கள் உளியைச் சாணைக்கல்லில் தீட்டுவது மட்டுமே பாடம். பிறகு இழைப்புளி. மரத்தின் இழை ஓடும் திசையில் தள்ளினால் சுருள் சுருளாகச் சீவல் வரும். எதிர்த்துத் தள்ளினால் பரப்பு பிய்ந்துபோகும். இடித்த வீட்டின் பழைய தேக்கு நிலைச்சட்டத்தை வாங்கி, ஒரு முக்காலி செய்ய அவருக்கு நான்கு மாதங்கள் ஆயின. “அலுவலகத்தில் ஆத்திரத்தோடு எழுதினாலும் கூட்டல் சரியாக வரும், சாமி. இங்கே ஆத்திரம் அப்படியே மரத்தில் தெரிந்துவிடுகிறது” என்று அவர் நம்மிடம் சொன்னார்.

அவருக்கு வலக்கை சற்று நடுங்கத் தொடங்கியிருக்கிறது. மூலைமட்டத்தை வைத்துக் கோடு கிழிக்கவே நெடுநேரம் ஆகிறது. இப்போது பேத்திக்கு ஒரு படிப்பு மேசை செய்து வருகிறார். பலகைகள் அறுத்து அடுக்கப்பட்டுள்ளன. ஓர் அங்குலக் கனத்திற்கு ஏறத்தாழ ஓராண்டு நிழலில் உலர வேண்டும் என்பது தச்சர்களின் பொதுக் கணக்கு. கையின் வலிமை அதுவரை நிற்குமா என்பது அவருக்கும் தெரியாது. ஆயினும் ஈரப் பலகையை எடுத்து விரைவாக முடித்துவிட அவர் ஒருப்படவில்லை. வளைந்துபோகும் மேசையைத் தருவதைவிட, முடியாத மேசையை விட்டுச் செல்வதே மேல் என்கிறார்.

இதெல்லாம் ஓய்வூதியம் உள்ளவர்களுக்கு வாய்க்கும் வசதி என்று சிலர் கூறலாம். அதில் உண்மை உண்டு. நாட்கூலிக்கு உழைக்கும் ஆசாரிக்கு நான்கு மாதங்களில் ஒரு முக்காலி என்றால் அடுப்பு எரியாது. அவருடைய விரைவு வயிற்றின் கட்டளை. ஆனால் நம் பெரியவரிடம் நேர்ந்த மாற்றம் இங்கேதான் குறிப்பிடத்தக்கது. ஆசாரியிடம் கூலிக்குப் பேரம் பேசுவதை அவர் அடியோடு விட்டுவிட்டார். ஒரு மூட்டைத் துல்லியமாக வெட்ட எவ்வளவு கவனம் வேண்டும் என்பதை அவருடைய விரல்கள் அறிந்துகொண்டன. நிதானம் அவருக்கு இன்பத்தை மட்டும் தரவில்லை, நீதியையும் கற்பித்திருக்கிறது.

கார்ட்டர் ஊர் திரும்பிய அதே 1981ஆம் ஆண்டு, செப்டம்பர் 14 அன்று, திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் மனித உழைப்பைப் பற்றிய சுற்றுமடலை வெளியிட்டார். உழைப்பின் மாண்புக்கு அடிப்படை, செய்யப்படும் வேலையின் வகையன்று. அதைச் செய்பவர் ஒரு மனிதர் என்பதே என அதில் அவர் விளக்குகிறார். அப்படியானால் பதவி போனதும் மாண்பு போவதில்லை. சம்பளம் நின்றதும் உழைப்பு பொருளற்றதாகிவிடுவதில்லை. நாசரேத்தூரில் தச்சராக வாழ்ந்த நம் ஆண்டவரின் அந்த நீண்ட ஆண்டுகளைப் பற்றி நற்செய்தியாளர்கள் மிகச் சிலவே சொல்கின்றனர். அந்த அமைதியான ஆண்டுகளை எவரும் வீண் என்று சொல்லத் துணிய மாட்டோம்.

ஆகவே, இல்லத்திலுள்ள இளையோருக்கு ஒரு வேண்டுகோள். தந்தையோ தாத்தாவோ ஒரு மேசைக் காலை மதியம் முழுவதும் இழைத்துக்கொண்டிருந்தால், “எப்போது முடியும்?” என்று கேட்க வேண்டாம். பலகையின் மறுமுனையைச் சிறிது நேரம் பிடித்துக்கொள்ளுங்கள், அதுவே போதும்.