நானே ஆடிப் பார்த்தேன்!

என்னை விளையாட்டுப் பைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். பேரணாம்பட்டில் அடுப்படிக்கும் ஷூ தைக்கிற ஊசிக்கும் நடுவில் காலம் தள்ளுகிறவள் நான். நாற்பத்து நான்கு வயதில் இரண்டு மாதம் செல்போன் விளையாட்டுகளாக ஆடித் தீர்த்தேன் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

எட்டாவது படிக்கும் என் பிள்ளை, அப்பாவின் போனில் ஏதோ ஒரு விளையாட்டில் வரும் பொம்மைக்குச் சட்டை வாங்கிவிட்டான். 799 ரூபாய்! எங்கள் பக்கத்தில் ஷூவின் மேல்பாகத்தை வீட்டிலேயே கையால் தைத்துக் கொடுப்போம், ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. இல்லாத சட்டைக்கு எத்தனை ஜோடி என்று கணக்குப் போட்டதும் நெஞ்சு பதறியது. கை நீட்டிவிட்டேன். அவன் அழவில்லை. "நீ ஒரு நாளாவது ஆடிப் பாத்திருக்கியாம்மா? ஒண்ணுமே தெரியாம திட்டுற" என்றான். சுருக்கென்றது.

ஒரு விளையாட்டை இறக்குமுன் யூடியூபில் அதைப் பற்றி விமர்சனம் சொல்லும் பையன்களைப் பார்ப்பது அவன் வழக்கம். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். படம் துல்லியமா, போன் சூடாகிறதா, எந்தத் துப்பாக்கி நல்லது எல்லாம் சொல்கிறார்கள். சாப்பிடக் கூப்பிட்டால் நடுவில் நிறுத்த முடியுமா, எந்த இடத்தில் காசு கேட்கும்? நான் பார்த்தவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. சரி, நாமே பார்ப்போம் என்று பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன்.

முதலில் கேண்டி கிரஷ். ஐந்து உயிர் தருவார்கள். போன உயிர் ஒன்று திரும்ப அரை மணி ஆகும். அந்த அரை மணி எப்போது முடியும் என்று நான் போனையே பார்த்திருந்த நாளில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. "பிள்ளையைத் திருத்தப் போய் நீ கெட்டுப் போனியா?" என்றார் இவர்.

சப்வே சர்ஃபர்ஸுக்கு முடிவே கிடையாது, ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். ஆனால் நடுவில் நிறுத்தலாம். லூடோ கிங்கில் விளம்பரத் தொல்லை உண்டு என்றாலும் நெட் இல்லாமல் ஒரே போனில் நாலு பேர் ஆடலாம். என் மாமியாரை ஜெயிக்க முடியவில்லை! செஸ் ஆடுகிற பிள்ளைக்கு லிசெஸ் நல்லது. நன்கொடையில் நடப்பது, விளம்பரமும் இல்லை, காசும் கேட்காது. காசு கட்டும் ரம்மிப் பக்கம் நான் போகவேயில்லை. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு அதற்குத் தடைச் சட்டமே கொண்டுவந்தது.

கடைசியில் என் பிள்ளையின் உயிரான பிஜிஎம்ஐ. 2020 செப்டம்பரில் பப்ஜி தடையானபின், 2021-ல் அதன் இடத்தில் வந்தது. நூறு பேர் விமானத்திலிருந்து குதித்து, ஒருவரையொருவர் சுட்டு, கடைசியில் மிஞ்சுகிறவருக்கு வெற்றி. முதல் நாள் இரண்டே நிமிஷத்தில் செத்தேன். மூன்றாம் நாள் இருபது நிமிஷம் தாக்குப் பிடித்துவிட்டேன், கூட மூன்று பேர் என்னை நம்பி இருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து வாசலில் இவர் கூப்பிடுகிறார். "இதோ வரேங்க" என்கிறேன், கை போனை விடவில்லை!

அப்போதுதான் புரிந்தது. முழு ஆட்டம் அரை மணிவரை போகும், நடுவில் நிறுத்தும் வசதி கிடையாது. "இதோ வரேம்மா" என்று அவன் சொன்னதெல்லாம் திமிர் இல்லை. தட்டு வைத்தபின் கத்திப் பிரயோஜனமில்லை, ஆட்டம் தொடங்குமுன் சொல்லவேண்டும். இப்போது சாப்பாட்டுக்கு முக்கால் மணி முன்பிருந்து புது ஆட்டம் கிடையாது. 2023-ல் பிஜிஎம்ஐ திரும்பி வந்தபோது பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு நாளுக்கு மூன்று மணி என்று வரம்பு வைத்தார்கள். என்னைக் கேட்டால் அதுவே அதிகம். எங்கள் வீட்டில் ஒரு மணிதான்.

வாங்குவதற்கு பாஸ்வேர்டு கேட்கும்படி பிளே ஸ்டோரில் வைத்துவிட்டேன். விளையாட்டின் பெயருக்குக் கீழேயே விளம்பரம் உண்டா, உள்ளே காசு கேட்குமா என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. இத்தனை நாள் நான்தான் படிக்கவில்லை.

இதை நோய் என்று பயந்த தாய்மார்களுக்கு ஒன்று. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் விளையாட்டு அடிமைத்தனத்தை நோய்ப் பட்டியலில் சேர்த்தது உண்மைதான். ஆனால் கட்டுப்பாடு கைவிட்டுப் போய், மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டே பெரிதாகி, அன்றாட வாழ்க்கை கெட்டு, அது பொதுவாக ஒரு வருஷமாவது நீடித்தால்தான் அப்படிச் சொல்கிறார்கள். அந்த நிலை தெரிந்தால் டாக்டரிடம் போகத்தான் வேண்டும். என் பிள்ளைக்கு அதெல்லாம் இல்லை, கழுத்து வலிதான்.

அடித்ததற்கு அவனிடம் வருத்தம் சொன்னேன். 799 ரூபாய்க்காக அவனும் சில ஞாயிற்றுக்கிழமை எனக்கு நூல் கோத்துக் கொடுத்தான்.

நேற்று போனை நீட்டி, "அம்மா, இது புதுசு. ஆடிப் பாத்துட்டு நோட்டுல எழுதேன்" என்றான். இரண்டு டஜன் ஜோடி தைக்கக் கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.