எடைக்குப் போடாத பித்தளை

ராதாபுரத்தில் எங்கள் பெரியப்பா வீட்டுக் கூடத்தில், சாமி படங்களுக்கு நடுவே ஒரு மரக்கேடயம் தொங்கும். அதில் பித்தளையில் கயிறு வளையம், உச்சியில் அசோகர் சிங்கம். சின்ன வயசில் அதுவும் ஒரு சாமி என்று நினைத்து விபூதி பூசியிருக்கிறேன்!

அது ஐ.என்.எஸ். விக்ராந்த் கப்பலின் சின்னம். 1971 யுத்தத்தில் சிட்டகாங், காக்ஸ் பஜார் மீது குண்டு போட்ட விமானங்கள் கிளம்பியது அதிலிருந்துதான். பெரியப்பாவுக்கு அங்கே சமையல்கட்டில் வேலை. "நான் சுட்ட சப்பாத்தியைத் தின்னுட்டுத்தாம்ல பைலட்டு பறந்தான்" என்பார்.

பெரியம்மாவுக்கு மட்டும் அதன் மேல் தீராத பகை. "புளி போட்டுத் தேய்ச்சே என் கை தேஞ்சு போச்சு. எடைக்குப் போட்டா ஒரு செம்பாவது வரும்."

1997-ல் கப்பலுக்கு ஓய்வு கொடுத்தார்கள். மும்பையில் மியூசியமாக நின்றது. 2014-ல் 60 கோடி ரூபாய்க்கு ஏலம் போய், உடைக்க ஆரம்பித்தார்கள். பி.காம். முடித்த கர்வம் எனக்கு. "தேய்மானம் கழிச்சா ஸ்கிராப் மதிப்பு அவ்வளவுதான் பெரியப்பா" என்றேன். அவர் பதில் பேசவில்லை. அன்று ராத்திரி சாப்பிடவும் இல்லை.

2022 செப்டம்பரில் கொச்சியில் புது விக்ராந்த் கடற்படையில் சேர்ந்தது. அதைப் பார்க்கப் பெரியப்பா இல்லை.

போன மாசம் ஊருக்குப் போனபோது, "பெரியம்மா, இதை எடைக்குப் போட்டுரலாமா?" என்று சும்மா சீண்டினேன்.

"உங்க பெரியப்பாவை எடைக்குப் போடுவியால?"

கையில் ஒரு உருண்டை புளியைத் திணித்தாள். தேய்த்தேன், ஒரு மணி நேரம்.