பாதியில் நின்ற முள்

தெஹிவளையில், கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளியுள்ள வீடொன்றில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் வாழ்கின்றார். அயலார் அவரை மாஸ்டர் என்றே அழைப்பர். அவருடைய மொறிஸ் மைனர் 1971 இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட வகையைச் சேர்ந்தது. கொழும்பில் ஒரு காலத்தில் வாடகை வண்டிகளாகத் திரிந்தவற்றுள் எஞ்சிய ஒன்று. உப்புக் காற்று அதன் தகட்டைத் தின்னாதிருக்க வேண்டுமென்பதே மாஸ்டரின் ஓயாத கவலை. அந்தக் கவலைதான் பின்னர் அவரைத் தெருவில் நிறுத்தியது.

2022 யூலை. அவருடைய மனைவிக்கு மஹரகமை வைத்தியசாலையில் கதிர்ச் சிகிச்சை தொடங்கியிருந்தது. வாரத்தில் ஐந்து நாள், ஐந்து வாரம். யூன் 27 நள்ளிரவு முதல் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என அரசு அறிவித்திருந்தது. பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபா, கொடுத்தாலும் கிடையாது. முன்னரே வரிசையில் நின்று நிரப்பிய தாங்கியை நம்பியே பயணம் நடந்தது. மானியின் முள் பாதியில் நின்றது; மாஸ்டரின் மனக்கணக்கும் அத்தோடு நின்றது.

மூன்றாம் நாள், பொரலஸ்கமுவையைத் தாண்டியதும் வண்டி இரண்டு தரம் விக்கிவிட்டு ஓய்ந்தது.

"இஞ்சாருங்கோ, முள் பாதியிலைதானே நிக்குது. வண்டி ஏன் நிண்டது?" என்றார் அம்மையார்.

மாஸ்டரிடம் பதில் இருக்கவில்லை. அன்று 119 ஆம் இலக்கப் பேருந்தின் நெரிசலில், ஒரு கையால் கம்பியையும் மறுகையால் மனைவியின் தோளையும் பற்றியவாறு அவர் மஹரகமை போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் மாலை, அயல் கராஜில் வேலை செய்யும் முஸ்லிம் இளைஞன் ஒருவன் வந்தான். வண்டியின் பின்புறத்தைத் திறந்து காற்றாட விட்டு, அடித்தட்டை அகற்றினான்.

"மாஸ்டர், மானியைக் கழட்டத் தேவையில்லை. முதல்ல வயரைக் கேப்போம்."

திறப்பை மூடிவிட்டுத் தாங்கியின் மேலிருந்த பச்சை கறுப்பு வயரைக் கழற்றினான். மீண்டும் திறப்பைப் போட்டதும் முள் 'நிறைவு' வரை ஏறிற்று. திறப்பை மறுபடி மூடி, வயரின் நுனியைத் தாங்கிக்கு எட்டத்தில் வெற்று இரும்பில் கட்டிவிட்டுத் திறந்தபோது 'வெறுமை'க்கு இறங்கிற்று. ஆகவே மானியும் வயரும் குற்றமற்றவை. இத்தகைய இருசுருள் மானிகளில், தாங்கியினுள் மிதவை தாழத் தாழத் தடை குறைந்து முள்ளும் இறங்கும். புதிய மானிகள் பலவற்றில் இது நேர்மாறு. வயரைக் கழற்றினால் முள் விழும். அந்த வேறுபாட்டை அறியாது நல்ல மானிகளைக் குப்பையில் எறிந்தவர்கள் பலர் இருக்கக்கூடும்.

வயரை உரிய இடத்தில் பூட்டியதும் முள் பழையபடி பாதிக்கு வந்தது. இளைஞன் தாங்கியின் உலோகத்திலிருந்து வண்டியின் உடலுக்குத் தனியாக ஒரு வயரை இழுத்துத் தொடுத்தான். முள் விழுந்தது. மின்னோட்டம் திரும்புவதற்குரிய ஏர்த் கெட்டிருந்தது. மிதவையின் தடையோடு அந்தத் தடையும் சேர்ந்து, இல்லாத பெற்றோலை இருப்பதாகக் காட்டியிருக்கிறது.

"தாங்கிக்கு ஆர் இவ்வளவு தடிப்பாப் பெயின்ற் அடிச்சது?"

மாஸ்டர் சிறிது நேரம் பேசவில்லை. "நான்தான் தம்பி. துருப்பிடியாமல் இருக்கட்டும் எண்டு, திருகாணி இருக்கிற இடமெல்லாம் விடாமல் அடிச்சனான்." நிரப்பிய நாளில் முள் 'நிறைவு'க்கும் அப்பால் போய் நின்றதைக் கண்டு தாம் மகிழ்ந்ததும் அப்போது அவர் நினைவுக்கு வந்தது.

திருகாணியைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து, மினுங்கும் உலோகத்தில் ஏர்த் வயரை இறுக்கிப் பூட்டியதோடு வேலை முடிந்தது. செலவு ஒரு முழ வயர். இளைஞன் கூலி வாங்கவில்லை. அம்மையார் கொடுத்த தேநீரை மட்டும் குடித்தான். அடுத்த வாரங்களுக்கு, வெளிநாடு போயிருந்த அயலவரொருவரின் காரிலிருந்து, அவருடைய சம்மதத்தோடு எடுத்த பெற்றோல் உதவிற்று.

யூலை இறுதியில் கியூ.ஆர். அட்டைக்குக் காருக்கு வாரம் 20 லீற்றர் கிடைத்தபோது, 450 ரூபா வீதம் 9000 ரூபாவை எண்ணிக் கொடுத்த மாஸ்டர், ஒவ்வொரு 5 லீற்றருக்கும் பம்பை நிறுத்தும்படி வேண்டினார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் திறப்பைப் போட்டு முள்ளைப் பார்த்துப் பென்சிலாற் குறித்தார். பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்துத் தீர்த்தார்கள். அவர் அசையவில்லை.

அந்தக் கடதாசி மானிக்குக் கீழே ஒட்டப்பட்டது. சிகிச்சையின் கடைசி வாரத்தில் அதைப் பார்த்து வாசிப்பது அம்மையாரின் வேலையாயிற்று.

"பதினொண்டு லீற்றர் இருக்குது," என்பார் அவர், பொரலஸ்கமுவை வரும்போது.

"ஓம்," என்பார் மாஸ்டர்.