சேலம் என்னும் மூன்றெழுத்து

என் ஆய்வுத் தலைப்பைக் கேட்பவர்கள் பெரும்பாலும் சிரிப்பார்கள். அடுகோடியில் எங்கள் தெருவில் அதை விளக்கும் முயற்சியை எப்போதோ கைவிட்டுவிட்டேன். காணொளி விளையாட்டு ஒன்றின் கோப்புகளைத் திருத்தியும் கூட்டியும் ஆர்வலர்கள் உருவாக்கும் மாற்றுவடிவத்தை 'மோட்' என்கிறார்கள். ஒருவர் செய்த வண்டியையோ உடையையோ ஒலியையோ இன்னொருவர் தம் மோடில் பயன்படுத்த விரும்பினால் யாரிடம், எப்படி அனுமதி கேட்கிறார் என்பதைத்தான் மூன்றாண்டுகளாகப் படித்துவருகிறேன்.

சட்டப்படி பார்த்தால் இவர்களில் பலருடைய ஆக்கம் விளையாட்டு நிறுவனத்தின் தயவில் நிற்பது. ஆயினும் தமக்குள் இவர்கள் வகுத்துக்கொண்ட ஒழுக்கம் சட்டத்தைக் காட்டிலும் கண்டிப்பானது. கேட்காமல் எடுத்தவரைக் குழுவே ஒதுக்கிவைக்கும். 2015 ஏப்ரல் 23 அன்று வால்வ் நிறுவனமும் பெதெஸ்தாவும் 'ஸ்கைரிம்' விளையாட்டின் மோடுகளை விலைக்கு விற்க வழிசெய்தன. முதல் வரிசையில் விற்பனைக்கு வந்த மீன்பிடி மோட் ஒன்று, வேறொருவர் இலவசமாகக் கொடுத்திருந்த அசைவூட்டக் கோப்புகளைச் சார்ந்திருந்தது. இலவசமாக இருந்தவரை உறுத்தாத கடன், விலை வந்ததும் உறுத்தியது. அந்த மோட் விலக்கிக்கொள்ளப்பட்டது. நான்கு நாள் கழித்து, 27ஆம் தேதி, திட்டமே கைவிடப்பட்டது. விலையில் படைத்தவருக்குக் கிடைத்த பங்கு 25 விழுக்காடு மட்டுமே என்பதும் கோபத்துக்கு ஒரு காரணம். இது என் ஆய்வேட்டின் இரண்டாம் இயல்.

மூன்றாம் இயல் நம் பக்கத்துச் சாலைகளுக்கு வருகிறது. இந்தோனேசியாவின் மாலியோ நிறுவனம் 2017இல் வெளியிட்ட 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா' என்ற கைபேசி விளையாட்டுக்குத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இளைஞர் கூட்டம் உண்டு. ஆடுபவரே முப்பரிமாண வண்டி ஒன்றைச் செய்து அதில் சேர்க்கலாம். வண்டிமேல் போர்த்தும் வண்ணப்படத்தையும் வரைந்து மாட்டலாம். அந்தப் போர்வைக்கு 'லிவரி' என்று பெயர். ஜாவாத் தீவின் சாலைகளில் நம் ஊர்த் தனியார் பேருந்துகள் ஓடுவது இப்படித்தான். மோட் ஒன்றின் கீழே வழக்கமாக நன்றிப் பட்டியல் இருக்கும்: வண்டி உடல் இன்னார், சக்கரம் இன்னார், ஹாரன் இன்னார், லிவரி இன்னார்.

நான் நேர்காணல் செய்தவர்களில் தருமபுரியைச் சேர்ந்த பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் இருந்தார். சக்கரத்தின் நடுக்குமிழ் ஒன்றுக்காக மட்டும், மொழிபெயர்ப்புச் செயலியின் துணையோடு இந்தோனேசியர் ஒருவருக்கு எழுதி, பதினொரு நாள் காத்திருந்து, பதிலாக வந்த கட்டைவிரல் குறியை அனுமதியாக ஏற்றவர். (நம் சட்டத்தின் 30ஆம் பிரிவு உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. கட்டைவிரல் குறி எழுத்தாகுமா என்பதைச் சட்டத்துறை நண்பர்கள் சொல்லலாம்.) என் ஆய்வுக்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைக்காது என்று மகிழ்ந்திருந்தேன். ஓர் இரவு, புதிதாக முடித்த பெங்களூர் – சேலம் பேருந்தின் படத்தை அவர் எனக்கு அனுப்பினார். பின்கண்ணாடிக்கு மேலே 'சேலம்' என்று எழுதியிருந்தது. எழுதிய கை என் அப்பாவுடையது.

அப்பா 1978 முதல் 2004 வரை அடுகோடியில் வண்டிகளுக்குப் பெயர் எழுதினார். ஓசூர் சாலை வழியே தமிழகம் போகும் லாரிகளும் பேருந்துகளும் எஃப்.சி.க்குப் போகுமுன் வந்து நிற்கும் கொட்டகை ஒன்று மைக்கோ ஆலையிலிருந்து நடைதூரத்தில் இருந்தது. எனாமல் பெயின்ட், அணில்முடித் தூரிகை, கோடு போடச் சுண்ணாம்புத்தூள் தடவிய நூல்: இவ்வளவுதான் முதலீடு. 'சே'யின் இரட்டைச் சுழிக் கொம்பை அவர் மேலே சுழித்துவிட்டுக் கீழே மாங்காய் மூக்குப்போல் வளைத்து நிறுத்துவார். "சேலத்துக்கு மாங்கா இல்லாமலா?" என்பார். 'ம்' மீதுள்ள புள்ளி வட்டமாக இராது. எள்ளைப்போல் சற்றே சாய்ந்திருக்கும். சில ஓவியர்கள் மட்கார்டின் ஓரத்தில் தங்கள் 'ஆர்ட்ஸ்' பெயரைச் சின்னதாக எழுதிக்கொள்வார்கள். அப்பா எழுதியதில்லை. "வண்டி அவங்களுது, அதுல நம்ம பேரு எதுக்கு?" பின்னர் வெட்டி ஒட்டும் ஸ்டிக்கர் வந்தது. கொட்டகை மூடியது. 2016இல் அப்பா காலமானார். அவர் எழுதிய எதுவும் எங்கள் வீட்டில் இல்லை. வீட்டு அரிசி டின்னில் என் பெயரை எழுதியிருந்தார். அதுவும் துருப்பிடித்துப் போய்விட்டது.

மாணவருக்குச் செய்தி அனுப்பினேன். அவரே அழைத்தார்.

"அந்த எழுத்தாக்கா? பழைய பஸ் போட்டோ ஒண்ணு நெட்ல கெடந்துச்சு. அப்படியே டிரேஸ் பண்ணேன்."

"யார் எழுதியிருப்பாங்கன்னு தோணலையா தம்பி?"

"பஸ்ல எழுதுனதுக்கா?" சிறிது நேரம் பேச்சில்லை. "யாருகிட்ட கேக்கணும்னு சொல்லுங்கக்கா, கேக்குறேன்."

சொன்னேன். அரைமணி நேரத்தில் அந்த லிவரியை நீக்கிவிட்டார். நீக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ஏதோ ஒரு பையனின் கைபேசியில் பல ஆண்டுக்குப்பின் ஓடத் தொடங்கியிருந்த எழுத்தை நானே துடைத்துவிட்டதுபோல் அன்றிரவு தோன்றிற்று.

உரிமை கோரும் இடத்தில் நான் நின்றது அதுவே முதன்முறை. என்ன உரிமை என்று பார்த்தேன். பதிப்புரிமைச் சட்டம், 1957, ஓவியத்துக்குக் கலைத்தகுதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைக் கலைப்படைப்பாகவே கொள்கிறது. இந்தப் பெருந்தன்மை எனக்குப் பிடித்தது. வரைந்தவர் இறந்தபின் 60 ஆண்டு உரிமை தொடரும். அப்பாவின் கணக்கில் 2076 முடியும்வரை. ஆனால் 17ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. ஒருவர் பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு உடன்பாடு இல்லையென்றால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். வண்டியெழுத்தையும் ஓவியமாகக் கொண்டால், உரிமை பேருந்து முதலாளியுடையது. "வண்டி அவங்களுது" என்று அப்பா சொன்னதையே சட்டமும் சொல்லியிருக்கிறது.

மிஞ்சுவது 57ஆம் பிரிவு. உரிமை கைமாறிய பின்னும் 'இது என் ஆக்கம்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவரிடமே தங்கும். அவருக்குப்பின் வாரிசுகள் அதைக் கோரலாம். டெல்லி விஞ்ஞான் பவனிலிருந்து 1979இல் பெயர்த்தெடுக்கப்பட்ட தம் சுவர்ச்சிற்பத்துக்காகச் சிற்பி அமர்நாத் சேகல் போராடி 2005இல் டெல்லி உயர்நீதிமன்றத்தில் வென்றது இந்தப் பிரிவின் துணையால்தான். பாட வகுப்புகளில் இந்த வழக்கைப் பலமுறை விளக்கியிருக்கிறேன். பேருந்தின் பின்புறத்தை அதனருகில் வைத்துப் பார்த்ததில்லை.

அந்த மாணவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. நடுக்குமிழைச் செய்தவருக்கு ஒரு பெயரும் எழுத ஒரு முகவரியும் இருந்தன. அதனால் கேட்கத் தோன்றிற்று. பெயர் இல்லாத இடத்தில் கேள்வியே எழுவதில்லை. 'கே.எஸ்.ஆர்.டி.சி.' என்ற சுருக்கப்பெயருக்காகக் கேரளமும் கர்நாடகமும் நடத்திய வழக்கை எண்ணிப் பாருங்கள். 1965 முதல் எங்களுடையது என்றது ஒரு தரப்பு. 1973 முதல் எங்களுடையது என்றது மறுதரப்பு. 2023 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் கேரளத்தின் மனுவைத் தள்ளுபடி செய்தது. அத்தனை ஆண்டுச் செய்திகளிலும், அந்த எழுத்துகளை ஆயிரக்கணக்கான வண்டிகளில் தூரிகையால் எழுதிய கைகளைப் பற்றி ஒரு வரியும் நான் படித்ததில்லை.

இந்த இடத்தில் என் கோபம் நியாயமானதென்று நம்பிக்கொண்டு என் ஆய்வேட்டைத் திறந்தேன். மூன்றாம் இயலில், லிவரிகளோடு ஒப்பிடுவதற்காக, நான் எடுத்த பேருந்தெழுத்துப் படங்கள் பதினான்கு இருக்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் 'படம்: ஆய்வாளர்' என்று எழுதியிருக்கிறேன். பெயின்டர் மகள் எழுதியது. நேர்காணல் கொடுத்தவர் ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் படிவம் வாங்கியிருந்தேன். அந்தப் படிவத்தில் எழுத்தோவியருக்குக் கட்டமில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். படிவத்தைத் தட்டச்சு செய்தவளும் நான்தான்.

மறுவாரம், அப்பாவோடு வேலைசெய்த மாமாவைப் பார்க்கப் போனேன். எங்கள் வீட்டுக்கு நான்கு சந்து தள்ளி, மகள் வீட்டு மாடியில் இருக்கிறார். மடிக்கணினியை மடியில் வாங்கிக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்த்தார். அவருக்கு எழுத்தைப் படிக்க வேண்டியிருக்கவில்லை. தூரிகை எங்கே தூக்கப்பட்டிருக்கிறது என்று மட்டும் பார்த்தார்.

"இது என்னுது பாப்பா. இதுவும். இது கரூர்ல பாடி கட்டுற எடத்துலயே எழுதினது. ஆளு தெரியும், பேரு சொல்றேன். இவன் போயிட்டான், மகன் ஆட்டோ ஓட்டுறான்."

ஐந்து படங்களுக்குப் பெயர் கிடைத்தது. அவருடைய இரண்டையும் ஆய்வேட்டில் சேர்க்கலாமா என்று முறையாகக் கேட்டேன். "இதுக்கெல்லாம் கேப்பாங்களா?" என்று சிரித்தார். படியிறங்கும்போது மேலிருந்து கூப்பிட்டார்: "இனிஷியல் தப்பாப் போட்டுடாதே. அப்பா பேரு, ஊர் பேரு, ரெண்டும் வரணும்."

தருமபுரி மாணவர் லிவரியை மீண்டும் வெளியிட்டிருக்கிறார். நான்தான் கேட்டுக்கொண்டேன். நன்றிப் பட்டியலில் ஹாரனுக்கும் லிவரிக்கும் நடுவே 'எழுத்து' என்று ஒரு வரி கூடியிருக்கிறது. 'சே'யின் கொம்பைச் சற்றுத் திருத்தட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன்.

மீதி ஒன்பது படங்களை இந்தப் பதிவோடு இணைத்திருக்கிறேன். சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து நண்பர்கள் தயவுசெய்து உங்கள் ஊர்ப் பெயின்டர்களிடம் காட்டுங்கள். ஏழாவது படத்தில், 'தருமபுரி'யின் கடைசி எழுத்தில், விசிறிக்கொம்பு வண்டியின் விளிம்பைத் தாண்டி பக்கவாட்டுத் தகரத்துக்கும் திரும்பியிருக்கிறது. அப்படி எழுதியவரைத் தெரிந்த யாரேனும் இருப்பார்கள். ஆய்வேட்டை ஒப்படைக்க எனக்கு மார்ச் இறுதிவரை நேரமிருக்கிறது.