கணப்பருகே

தமிழில் 'குளிர்காய்தல்' என்பது அழகான சொல். இன்று மேடைகளிலும் செய்தித்தாள்களிலும் அது பெரும்பாலும் தீய பொருளிலேயே வழங்குகிறது. பிறர் வீடு பற்றி எரியும்போது அதில் ஆதாயம் தேடுவோரைச் சுட்டுவதற்கே அச்சொல்லை எடுத்தாள்கிறோம். ஆனால் நீலகிரியில் வாழும் எங்களைப் போன்றோரிடம் அது தன் முதற்பொருளை இழந்துவிடவில்லை. மார்கழி பிறந்துவிட்டால், மாலை ஆறு மணிக்கெல்லாம் மலை இறங்கி வரும் பனிக்கு முன்னால் நெருப்பை மூட்டி, கைகளை நீட்டி அமர்வதே எங்களுக்குக் குளிர்காய்தல்.

இது நேற்றைக்குத் தோன்றிய பழக்கமன்று. சங்க நூலாகிய நெடுநல்வாடை, வாடைக் காலத்து மழையில் நனைந்த கோவலர் கையில் கொள்ளி ஏந்தி நடுங்கி நிற்பதைக் காட்டுகிறது. அதே பாட்டில், நகரத்து மாடங்களில் வாழ்வோர் அகன்ற வாயுடைய நெருப்புக் கலத்தைச் சூழ்ந்து அமர்கின்றனர். அக்கலத்திற்குத் 'தடவு' என்று பெயர். ஏழைக்குக் கையில் ஒரு கொள்ளி, செல்வருக்கு ஒரு தடவு. குளிர் மட்டும் இருவருக்கும் ஒன்றே. வள்ளுவரோ அரசரை அண்டி வாழ்வோருக்கு அறிவுரை கூற வந்தபோது, தீக்காய்வாரையே உவமையாகக் கொண்டார். மிக விலகினால் வெப்பம் இல்லை, மிக நெருங்கினால் உடல் வேகும். நெருப்பருகே அமர்ந்து பழகியவருக்கே இவ்வுவமை தோன்றியிருக்கும்.

எங்கள் வீடு குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இடைப்பட்ட ஒரு சரிவில் உள்ளது. சுற்றிலும் தேயிலை. வீட்டுக்குப் பின்னால் நான்கைந்து சென்ட் வெற்றிடம். அதில் ஒரு கணப்புக் குழி அமைக்க வேண்டும் என்னும் எண்ணம் 2015ஆம் ஆண்டில் எங்களுக்கு எழுந்தது பொழுதுபோக்குக்காக அன்று. வீட்டுப் பெரியவரை எண்ணியே.

எங்களுள் ஒருவருக்குத் தகப்பனும் மற்றவருக்கு மாமனாருமான அவர், இலங்கையின் அட்டன் பகுதியில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட இலட்சக்கணக்கானோருள் அவரும் ஒருவர். 1973இல் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மனைவியோடும் ஒரு தகரப் பெட்டியோடும் இந்த மலைக்கு வந்து சேர்ந்தார். அங்கே கொழுந்து பறித்த கைகள் இங்கேயும் கொழுந்து பறித்தன. ஆனால் அக்கரை வாழ்வைப் பற்றி அவர் எங்களிடம் பேசியதே இல்லை. கேட்டால், "அதெல்லாம் போச்சு" என்பதோடு முடித்துக்கொள்வார். அத்தை மறைந்த பின்னர் அந்தச் சில சொற்களும் குறைந்து போயின.

லயத்து வாழ்வில் பழகிய ஒரு வழக்கத்தை மட்டும் அவர் விடவில்லை. இரவில் கரி கனலும் சட்டியைக் கட்டிலருகே வைத்துக் கதவைச் சாத்திக்கொள்வார். இது உயிருக்கே ஆபத்தானது. காற்று போதாமல் கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு எழுகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தம் உயிர்வளியை ஏற்க முடியாதபடி அது தடுத்துவிடுகிறது. உறங்குபவர் உறக்கத்திலேயே போய்விடுகிறார். பூட்டிய அறையிலும் மூடிய கூடாரத்திலும் கரி மூட்டி உறங்கி மாண்டோரைப் பற்றிய செய்திகள் மலையூர்களில் புதியன அல்ல. ஆகவே சட்டியை அறையிலிருந்து அகற்றினோம். பெரியவர் மறுப்புச் சொல்லவில்லை. போர்வையைப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்து அமர்ந்திருந்தார். பறித்ததற்கு ஈடாக ஏதேனும் கொடுக்க வேண்டும் அன்றோ? வானமே கூரையாக உள்ள இடத்தில் அவருக்கு நெருப்பைத் தருவோம் என்று முடிவு செய்தோம்.

கணப்புக் குழி அமைப்பது கடினமான வேலையன்று. ஆனால் இடத்தைத் தேர்வதில் கவனம் வேண்டும். வீட்டிலிருந்தும் வேலியிலிருந்தும் பதினைந்து அடியாவது தள்ளியிருக்க வேண்டும். மேலே கிளையோ மின்கம்பியோ இருத்தல் கூடாது. காற்று எத்திசையிலிருந்து வருகிறது என்பதைச் சில மாலைகள் நின்று பார்த்த பின்னரே நாங்கள் கோடு கிழித்தோம். மூன்றடி விட்டம், ஓரடி ஆழம். புல்லையும் வேரையும் இலைமக்கையும் முற்றிலும் அகற்றி, வெறும் மண் தெரியும்வரை தோண்டினோம். வேர் இருந்தால் நெருப்பு அதைப் பற்றிக்கொண்டு மண்ணுக்குள்ளேயே நகரும். நாள் கடந்து வேறோரிடத்தில் தலை நீட்டும். அடியில் நான்கு விரற்கடை உயரத்துக்குச் சரளைக்கல் பரப்பினோம்; மழைநீர் வடிந்துபோக அதுவே வழி.

சுற்றிலும் கல் அடுக்கும்போது, ஓடையில் கிடக்கும் வழவழப்பான கற்களை எடுக்கலாம் என்று பிள்ளைகள் கூறினார்கள். பெரியவர் முதன்முறையாக வாய்திறந்தார். "ஆத்துக் கல்லு வேணாம். வெடிக்கும்" என்றார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. நீரில் நெடுநாள் கிடந்த கல்லின் நுண்ணிய பிளவுகளில் ஈரம் தங்கியிருக்கும். சூடேறும்போது அது ஆவியாகி, வெளியேற வழியின்றிக் கல்லையே உடைத்துச் சிதறடிக்கும். எனவே, வெயிலில் கிடந்து காய்ந்த கருங்கல்லைக் கொண்டு வெளிச்சுற்றும், சூளையில் நன்கு வெந்த செங்கல்லைக் கொண்டு உட்சுற்றும் அடுக்கினோம். கீழ்வரிசையில் நான்கு இடங்களில் இடைவெளி விட்டோம். நெருப்பும் மூச்சு விட வேண்டும். காற்று கீழிருந்து புகுந்தால் புகை குறையும், சுடர் நிமிரும்.

விறகைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். நீலகிரியில் விறகென்றால் சீகையும் கற்பூர மரமும்தான். இரண்டுமே ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொணரப்பட்டவை. சீகை நின்று நிதானமாக எரிந்து நல்ல கங்கு தரும். கற்பூர மரம் எண்ணெய்ப் பசை உடையது; சட்டெனப் பற்றும், பொறி தெறிக்கும். எதுவாயினும் பிளந்து, மழை படாமல் அடுக்கி, ஆறு மாதமாவது காய விட வேண்டும். இரு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்த விறகு 'டங்' என்று ஒலிக்கும். ஈர விறகு 'தொப்' என்னும். ஈர விறகின் வெப்பமெல்லாம் தன் நீரை விரட்டுவதிலேயே செலவாகிவிடும். நமக்குக் கிடைப்பது புகை மட்டுமே. வண்ணம் பூசிய பலகை, நெகிழி, பழைய டயர் ஆகியவற்றை ஒருபோதும் இடலாகாது. அவற்றின் புகை நஞ்சு. மூச்சிரைப்பு உள்ளவர்கள் நல்ல விறகின் புகையிலிருந்தும் விலகியே அமர வேண்டும்.

மூட்டும் முறையையும் பெரியவரே கற்றுக்கொடுத்தார். நடுவில் ஒரு பிடி சருகு. அதன்மேல் உண்ணிச்செடியின் காய்ந்த சுள்ளிகளைக் கூம்பாக நிறுத்துதல். அதைச் சுற்றி விரல் பருமன் குச்சிகள், பிறகு மணிக்கட்டுப் பருமன் விறகு. மண்ணெண்ணெய் கூடாது. "அவசரப்படுறவனுக்கு நெருப்பு நிக்காது" என்பார். ஒரு தீக்குச்சியில் அவர் மூட்டிய நெருப்பை எங்கள் பிள்ளைகள் மூன்று முயற்சிகளுக்குப் பிறகே மூட்டக் கற்றனர்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் இரவுச் செபமாலை முடிந்ததும் கணப்பைச் சுற்றி அமர்ந்தோம். சோளக் கதிரும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கங்கில் வெந்தன. கணப்பருகே அமர்வதில் ஒரு விந்தை உண்டு. எல்லாரும் ஒன்றாக அமர்ந்திருப்பர்; ஆனால் எவரும் எவர் முகத்தையும் பார்ப்பதில்லை. கண்களெல்லாம் நெருப்பின் மேலேயே இருக்கும். பேச்சு நின்றுபோனால் அது குறையாகத் தோன்றாது. விறகு வெடிக்கும் ஓசை அவ்விடத்தை நிரப்பிவிடும். நேருக்கு நேர் பார்த்துக் கேட்டால் மூடிக்கொள்ளும் உள்ளம், பக்கத்தில் அமர்ந்து காத்திருந்தால் தானே திறக்கிறது.

2016ஆம் ஆண்டு சனவரியில் ஓர் இரவு, எவரும் எதுவும் கேளாதபோது பெரியவர் பேசலானார். லயத்தில் பன்னிரண்டு அடி அறை. மழைக்காலம். ஒன்பது மாதப் பெண்குழந்தைக்குக் காய்ச்சல். தோட்டத்து மருந்தகத்தில் கொடுத்த மருந்து கேட்கவில்லை. இரவெல்லாம் கரிச்சட்டியருகே குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இருவரும் அமர்ந்திருந்தனர். விடியுமுன் குழந்தை போய்விட்டது. தோட்டத்து மேட்டில் புதைத்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துக் கப்பலேறும் ஆணை வந்தது. "பெட்டியைத் தூக்கிட்டு வந்தோம். புள்ளையை அங்கேயே விட்டுட்டு வந்தோம்" என்றார். பிறகு அக்குழந்தையின் பெயரைச் சொன்னார்.

எங்கள் மூத்த மகளின் பெயரும் அதுவே. அவள் திருமுழுக்கு பெற்றபோது, எதிலும் தலையிடாத அவர், இந்தப் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். புனிதை ஒருவர் மீது அவர் கொண்ட பற்று என்றே இத்தனை ஆண்டுகளும் எண்ணியிருந்தோம். அப்போது பதினைந்து வயதான அம்மகள் எழுந்து சென்று தாத்தாவின் காலடியில் அமர்ந்தாள். ஒன்றும் பேசவில்லை. ஒரு சீகைக் கட்டையை எடுத்துக் கங்கின்மேல் வைத்தாள். அந்த ஆண்டு கல்லறைத் திருநாளன்று பலிபூசைக் கருத்தில் அத்தையின் பெயரோடு அக்குழந்தையின் பெயரும் எங்கள் பங்கில் முதன்முறையாக வாசிக்கப்பட்டது. பெரியவர் தலைநிமிர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அதன் பின்னர் மூன்று ஆண்டுகளே அவர் எங்களோடு இருந்தார். அம்மூன்று ஆண்டுகளில் அவர் பேசியவை, அதற்கு முந்தைய நாற்பது ஆண்டுகளில் பேசியவற்றினும் மிகுதி.

யோவான் நற்செய்தியில் கரிநெருப்பு இருமுறை வருகிறது. தலைமைக் குருவின் முற்றத்தில், குளிர்காய்ந்துகொண்டிருந்த பேதுரு, தம் ஆண்டவரை மறுத்தார். உயிர்ப்புக்குப் பின் திபேரியக் கடற்கரையில் மற்றொரு கரிநெருப்பு. அதன்மேல் மீன், உடன் அப்பம். மும்முறை மறுத்தவரிடம் ஆண்டவர் மும்முறை கேட்டதும் அங்கே, உண்டு முடித்த பின்னரே. முதலில் வெப்பமும் உணவும், அதன்பிறகே கேள்வி. இவ்வரிசை முறையை அந்தச் சனவரி இரவுக்குப் பின்னரே நாங்கள் கூர்ந்து நோக்கினோம். பாஸ்கா திருவிழிப்பில் ஆலயத்துக்கு வெளியே புதுநெருப்பை மந்திரிக்கும் சடங்கும் அவ்வாறே புதுப்பொருள் கொண்டது. முற்காலத்தில் அச்சடங்கு சனிக்கிழமைக் காலையிலேயே நிகழ்ந்துவந்தது. 1951இல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் அதனை மீண்டும் இரவுக்கு மாற்ற வழிவகுத்தார். இருளில் நிற்போருக்கன்றோ நெருப்பின் அருமை தெரியும்?

பங்கு இளையோரைப் பாசறைக்கு அழைத்துச் செல்லும்போதும் கணப்பு மூட்டுகிறோம். ஆனால் காட்டில் அன்று. காப்புக்காடுகளில் நெருப்பு மூட்டுவதைச் சட்டம் தடை செய்கிறது, அத்தடை நியாயமானது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில், மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். கோடையில் காய்ந்து நிற்கும் புல்லுக்கு ஒரு பொறி போதும். ஆகவே தோட்ட உரிமையாளரின் இசைவு பெற்ற வெட்டவெளியில், முன்பே நெருப்பு மூட்டிப் பழகிய இடத்தில், இரண்டு குடம் நீரை அருகில் வைத்துக்கொண்டே மூட்டுகிறோம். காற்று வலுத்தால் அன்று நெருப்பு இல்லை. பாட்டும் நாடகமும் முடிந்தபின் நெருப்பு தாழும்போது, அரைமணி நேரம் எவரும் எழாமல் இருக்கச் சொல்வோம். வீட்டுத் துயரங்களை இளையோர் சொல்லத் தொடங்குவது அப்போதுதான்.

எழுந்து போகுமுன் செய்யும் வேலையே முதன்மையானது. லயத்து அடுப்பில் கங்கைச் சாம்பலால் மூடி வைப்பார்களாம். காலையில் ஊதினால் மீண்டும் பற்றும். வீட்டினுள்ளே அது சிக்கனம். திறந்த வெளியிலோ பேராபத்து. நீறுபூத்த நெருப்பு மேலுக்குச் செத்ததுபோல் கிடக்கும். நீர் ஊற்ற வேண்டும், கோலால் கிளற வேண்டும், மறுபடி ஊற்ற வேண்டும். புறங்கையை அருகே கொண்டுசென்று, சூடு சிறிதும் இல்லை என்று கண்ட பின்னரே அவ்விடம் விட்டு அகல வேண்டும். கிளறும்போதுதான் அடியில் எத்தனை கங்கு இருந்தது என்பது தெரிகிறது.

சமவெளியில் வாழும் வாசகர்களுக்குக் கணப்பு தேவைப்படாது. அங்கே திண்ணை உண்டு, மொட்டைமாடி உண்டு, மின்சாரம் நின்ற இரவில் ஒரு மெழுகுதிரி உண்டு. உங்கள் வீட்டிலும் பேசாத பெரியவர் ஒருவர் இருக்கக்கூடும். அவரிடம் கேள்விகளைக் கொண்டு செல்லாதீர்கள். அவருக்கு இதமான ஓரிடத்தில், தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்துவிட்டு, சில மாலைகள் அருகில் அமர்ந்திருங்கள். முதல் மாலையில் ஒன்றும் நிகழாது. பத்தாம் மாலையிலும் நிகழாமல் போகலாம். எங்கள் பெரியவருக்கு ஒரு குளிர்காலத்தின் பெரும்பகுதி தேவைப்பட்டது.