ஏப்ரல் கணக்கு

ஏப்ரல் மாதத்துப் பேஸ்பால் பட்டியலை நான் நம்புவதில்லை. 1987-இல் மில்வாக்கி ப்ரூவர்ஸ் முதல் 13 ஆட்டங்களையும் வென்றது. மே மாதம் தொடர்ச்சியாக 12 தோல்வி. முடிவில் தன் பிரிவில் மூன்றாமிடம். 2019-இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் முதல் 50 ஆட்டங்களில் 31-ஐ இழந்தது. அவ்வருஷ உலகத் தொடர் அதற்கே கிடைத்தது. தேர்ந்த மட்டையாளனும் பத்தில் ஏழு முறை அவுட்டாகும் ஆட்டம் இது. சில வாரங்களில் திறமையும் தற்செயலும் ஒரே முகத்தோடுதான் தெரியும்.

ஆனாலும் ஆரம்பத்தை ஒதுக்கவும் என்னால் முடிவதில்லை. 162 ஆட்டங்களில் முதலாவதற்கும் கடைசிக்கும் ஒரே எடை. 1988-இல் முதல் 21-ஐயும் தோற்ற பால்டிமோர் ஓரியோல்ஸ் கடைசி இடத்திலேயே நின்றது. தீர்ப்பைத் தள்ளிப்போடலாம்; கவனத்தைத் தள்ளிப்போட முடியாது. முதல் தொகுதியோடு ஒரு கவிஞனுக்குக் கணக்கு முடித்துவிடுகிற நம் விமர்சனம் இந்தப் பொறுமையைக் காட்டியதாக எனக்கு ஞாபகமில்லை.