ஜி.பி. ரோட்டில் பைக்குக்கு மூச்சு வாங்கலாம்!

சென்னை அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் பிரிகிறது ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. ஜி.பி. ரோடு என்றால்தான் ஆட்டோக்காரருக்கே தெரியும். சீட் கவர், ஹாரன், விளக்கு என்று வண்டிகளுக்கு நகை போட்டு அழகு பார்க்கும் கடைகள் வரிசைகட்டி நிற்கின்றன.

இங்கே வரும் பைக் பிரியர்களின் கேள்விகளில் ஒன்று: “ஏர் ஃபில்டர் மாத்தினா பிக்கப் ஏறுமா அண்ணே?”

இரண்டு வகை உண்டு. கம்பெனி ஃபில்டர் இருக்கும் அதே டப்பாவுக்குள் உட்காரும், எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர் ஒன்று. கழுவிக் காயவைத்து, மறுபடி எண்ணெய் விட்டு மாட்டலாம். இன்னொன்று, டப்பாவையே கழற்றிவிட்டு மாட்டும் கூம்பு ஃபில்டர். இதில் சத்தம் கூடும். அந்த உறுமலைக் கேட்டே வேகம் கூடிவிட்டதாக மனசு நம்பிவிடும்!

ஒரு பங்கு பெட்ரோல் சரியாக எரிய, எடையில் சுமார் 14.7 பங்கு காற்று தேவை. காற்றை மட்டும் கூட்டினால் போதாது, பெட்ரோலும் கூட வேண்டும். கார்புரேட்டர் வண்டியில் அதற்கு ஜெட்டை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் இன்ஜின் சூடேறும், முறுக்கும்போது திக்கும். பி.எஸ்.6 வண்டிகளில் கம்ப்யூட்டர் ஓரளவுதான் சமாளிக்கும்.

கூம்பு ஃபில்டருக்கு மழையும் எதிரி. தேங்கிய தண்ணீர் இன்ஜினுக்குள் போனால் கனெக்டிங் ராடே வளைந்துவிடலாம்.

தூசி என்ன செய்யும் என்று பார்க்க, கூவம் கரையோரப் புதுப்பேட்டைக்கு ஒரு நடை போங்கள். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் தெருக்கள் அவை. தூசி தின்ற சிலிண்டரில் மேலும் கீழுமாகக் கோடு விழுந்திருக்கும். நகத்தால் தடவினாலே தட்டுப்படும்.

அப்படியானால் எதை வாங்கலாம்? தினமும் ஆபீஸ் போகும் 100, 125 சிசி வண்டிக்கு கம்பெனி பேப்பர் ஃபில்டரே போதும். அடைத்துப்போனதை மாற்றினாலே இழந்த பிக்கப் திரும்பும். நீண்ட பயணம் போகிறவர்கள் பருத்தி ஃபில்டரை யோசிக்கலாம். உங்கள் மாடலுக்கென்றே செய்ததா, ரப்பர் விளிம்பு இடைவெளியின்றிப் படிகிறதா என்று பாருங்கள். புது வண்டியென்றால் வாரன்ட்டி நிபந்தனையைப் படித்துவிடுங்கள்.

மாட்டி இரண்டு வாரம் ஓட்டியதும், ஃபில்டரைக் கழற்றி அதன் பின்புறக் குழாயை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் மண் ஒட்டினால், விலை எவ்வளவாக இருந்தாலும் அந்த ஃபில்டர் வேண்டாம்!